பின்பக்கத்து வழி

பாறசாலை,
17.8.1996, சனிக்கிழமை

அன்பு மகள் ஷிஜாவுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எனக்குச் சுகக்கேடு ஒன்றும் இல்லை. சார்ஜாவில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பதே என் ஜெபம். மாத்திரைகளை வேளை தவறாமல் சாப்பிடுகிறேன்.

ஒரு வருஷமாகியும் வீடு ஏன் விற்கவில்லை, காரணத்தை விவரமாக எழுதுங்கள், 'பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்று மட்டும் எழுதாதீர்கள் என்று கேட்டிருந்தாய். கேட்டது நியாயம். இந்த வீடு விற்றால்தான் நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எனக்காக நீங்கள் பேசி வைத்திருக்கும் வீடு. அதன் சொந்தக்காரர் கிறிஸ்துமஸ் வரைதான் பொறுப்பார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. கணக்கு வாத்தியாராகவே இருந்து ஓய்வு பெற்றவன் நான். எண்ணிட்டுக்கொள்ளாவிட்டால் ஒன்றை விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கும். ஆகவே எழுதப்போவது இவை:

1. கிணறு
2. மேற்குச் சுவரின் ஈரம்
3. ராஜப்பன் வீட்டார் நடக்கும் வழி
4. என் வாய்
5. வேதமாணிக்கம் என்பவர் கேட்பதும், நாளை நான் செய்யப்போவதும்

முதலில் கிணறு. பங்குனி மாதத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள் கட்டிடத்தைப் பார்ப்பதற்கு முன்பே கிணற்றை எட்டிப் பார்க்கிறார்கள். பெருங்கடவிளையிலிருந்து பாங்க் உத்தியோகஸ்தர் ஒருவர் மனைவியோடு வந்தார். தானே வாளியை இறக்கினார். அது அடிப்பாறையில் 'டங்' என்று இடித்த சத்தத்தில் அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். காபி கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். மழைக்குப் பிறகு வந்தவர்களுக்கு இந்தக் குறை தெரிய நியாயமில்லை. இப்போது கையெட்டும் தூரத்தில் தண்ணீர் கிடக்கிறது.

இரண்டாவது, மேற்கு அறைச் சுவர். நீ படித்த அறைதான். ஈரம் ஏறி, அலமாரிக்குப் பின்னால் சுண்ணாம்பு பொரிந்து நிற்கிறது. அலமாரியை நகர்த்தினால் ஒழியத் தெரியாது. குளத்தூரிலிருந்து ஒருவர் வந்தபோது, அதை நகர்த்த ஒரு கை கொடுக்கும்படி ரெத்தினதாஸைக் கேட்டேன். ஆட்களைக் கூட்டி வருகிற தரகர் அவர்தான். வந்தவர் போன பிறகு ரெத்தினதாஸ் என்னைத் திண்டாட வைத்துவிட்டார். பெண்ணு பாக்க வந்தவனுக்க முன்ன பெண்ணுக்க சொத்தைப் பல்லை டார்ச் அடிச்சுக் காட்டுத தகப்பனை இண்ணைக்குத்தான் காணுதேன் ஸாரே, என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

மூன்றாவது காரணம்தான் பெரியது என்று நினைக்கிறேன். நமக்குப் பின்னால் ராஜப்பன் குடியிருக்கும் பத்து சென்ட், உன் தாத்தா அவனுடைய அப்பாவுக்கு விற்றது. அதற்கு ரோட்டுக்கு வர வழி எது என்று ஆதாரப் பத்திரத்தில் எழுதவில்லை. அன்றைக்கு அது யாருக்கும் தோன்றவில்லை. பலாமரத்தடி வழியாக நம் முற்றத்தில் இறங்கி, கிணற்றோரமாக நடந்து, பஸ் ரோட்டுக்குப் போவார்கள். அவன் மனைவி ஸ்ரீகுமாரி பால்பாத்திரத்தோடு சொசைட்டிக்குப் போவதும், ராஜப்பன் ரப்பர் பால் வெட்டப் போவதும், அவர்கள் பசு போவதும் எல்லாம் அப்படித்தான். ஜனவரியில் நான் கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தபோது, புல்லுக்கட்டோடு வந்த ராஜப்பன் என்னைக் கண்டதும் அந்த வழியில்தான். ஆனால் வாங்க வருகிறவர் கண்ணுக்கு அது எப்படி இருக்கும்? தான் விலை கொடுத்து வாங்கிய முற்றத்தில் பிறத்தியார் நடப்பதை யார் விரும்புவார்? நீ சொன்னபடி பின்கதவை அப்போதிருந்தே தாழிட்டு வைத்திருக்கிறேன். வீடு பார்க்க வருகிறவர்களோடு பக்கவாட்டில் சுற்றிக் கிணறு வரை போவதைத் தவிர, பின்பக்கம் போவதே இல்லை. அதனால் அவர்களைக் கண்ணால் காண்பது குறைவு. எனக்குப் பால் தருவதற்குக்கூட ஸ்ரீகுமாரி இப்போது முன்வாசலில்தான் வருகிறாள். எப்படியானாலும் இந்த நடமாட்டத்தைப் பார்த்துத்தான் பாதிப்பேர் பின்வாங்குகிறார்கள் என்று படுகிறது. போன மாசியிலேயே இதை ஒரு சந்தேகமாக ரெத்தினதாஸிடம் சொல்லியிருந்தேன். அவரும் ஆமாம் என்றார்.

நான்காவதைப் பற்றி அதிகம் எழுத வெட்கமாக இருக்கிறது. கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் கிணறு வற்றும் என்பதை ஆடி மழையில் நின்றுகொண்டு சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் அன்றைக்கு உறக்கம் வராது என்ற பயம்தான் காரணம். அதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

கடைசியாக வேதமாணிக்கம். வெள்ளறடைக்காரர், பட்டாளத்திலிருந்து வந்தவர். வீடு அவருக்குப் பிடித்திருக்கிறது. மனைவியை இரண்டு முறை கூட்டி வந்து காட்டினார். கிணறும் சுவரும் அவருக்குப் பொருட்டில்லை. வழியை மட்டும் அடைத்துத் தர வேண்டுமாம், அதுவும் நானே அடைக்க வேண்டுமாம். நான் வந்து அடைச்சா முதல் நாளே அயல்காரனோட சண்டை, நீங்க அடைச்சா ஸார் அடைச்சதுண்ணு எல்லாவரும் அடங்குவினும், வேலி கெட்டின மறுநாள் ரெஜிஸ்டர், என்றார். ராஜப்பன் வீட்டாருக்குப் பிறகு எது வழி என்று கேட்டேன். சானல்கரை இல்லியா என்று என்னையே திருப்பிக் கேட்டார். கால்வாயின் கரை வழியாகச் சுற்றினாலும் ரோட்டுக்கு வரலாம் என்பது சரிதான். ஆனால் மழைக்காலத்தில் அது எப்படி வழுக்கும் என்பது உனக்குத் தெரியாததல்ல.

என்றாலும் உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்த பிறகு தீர்மானித்துவிட்டேன். நாளை ஆராதனை முடிந்து வந்ததும் ராஜப்பன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவேன். சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியமாக மனதில் அமைத்திருக்கிறேன். மூன்றாவது இன்னும் சரியாக வரவில்லை. போய் வந்து மீதியை எழுதுகிறேன்.

18.8.1996, ஞாயிறு மாலை

போய் வந்தேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பின்கதவின் தாழ் துருப்பிடித்துத் திறக்க வரவில்லை. எண்ணெய் விட்டுத் திறந்தேன். குடையை ஊன்றிக்கொண்டுதான் நடந்தேன், நீ கவலைப்பட வேண்டாம். கிணற்றைத் தாண்டியதும் வழியில் புல் கணுக்கால் வரை இருந்தது. மழை பெய்தால் புல் முளைக்கும் என்று எண்ணி நடந்தேன். பலாமரத்தடியில் முழங்கால் வரை வந்துவிட்டது. அதற்கு அப்பால், அவர்கள் முற்றம் தொடங்கும் இடத்தில், வழியே இல்லை. வழியை அடைத்துக் குறுக்கே நான்கு வரிசை மரச்சீனிக் கிழங்கு நட்டிருந்தார்கள். கம்பு ஊன்றி நாலைந்து மாதமாவது ஆகியிருக்க வேண்டும். என் நெஞ்சளவுக்கு நின்றது.

முன்னே போகவும் முடியவில்லை, திரும்பவும் மனம் வரவில்லை. கூப்பிட்டேன். ஸ்ரீகுமாரி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, அய்யோ ஸாரா, மரச்சீனிக் காட்டுல பன்னி கேறியாச்சுண்ணு நெனச்சு கல்லு எடுத்தாச்சே, என்று சிரித்தாள். ராஜப்பன் வந்து கம்புகளை ஒதுக்கிப் பிடித்து என்னைக் கைகொடுத்துக் கூட்டிப்போனான். நாற்காலி போட்டார்கள். குடிக்கக் கட்டன்சாயா தந்தார்கள்.

வழியில் ஏன் நட்டீர்கள் என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சும்மா கெடந்த எடம் இல்லியா ஸாரே என்றான் ராஜப்பன். அப்படியானால் பாலை எப்படிக் கொண்டுபோகிறீர்கள் என்றேன். ஸ்ரீகுமாரிதான் சொன்னாள். ஈஸ்டருக்கு முன்ன இருந்தே சானல்கரை வழியாக்கும் போக்கும் வரவும், இப்ப அது பழகிச் சீலம் ஆயாச்சு, ரெண்டு தடவை பாத்திரத்தோட சறுக்கி விழுந்தேன், சானல்ல கெடக்குத மீனுக்கும் பால் குடிக்க யோகம் வேணும் இல்லியா, என்றாள். அவள் இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

பிறகு ராஜப்பன் மெதுவாகச் சொன்னான். சாயக்கடையில் நாலுபேர் முன்னால் வைத்து ரெத்தினதாஸ் அவனிடம், உங்க நடமாட்டத்தக் கண்டாக்கும் ஆளுவ திரும்பிப் போவினும், ஸாருக்கும் அந்த விசனம் உண்டு, என்று சொன்னாராம். ஸாருக்கு எங்கட்ட நேரே பறய மனசு வராது, நாங்களே மாறினா ஸாருக்கு எளுப்பம் இல்லியா, ஷிஜாக்காளுக்க காரியமும் நடக்கணும், என்றான். வேலி கட்டினால் எனக்குக் காண வருத்தமாக இருக்கும் என்று மரச்சீனி நட்டார்களாம்.

நான் அமைத்துக்கொண்டு போன வாக்கியங்களில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. மரச்சீனியைப் பறித்துவிடச் சொன்னேன். வெளையாத கெழங்கைப் பறிச்சா யாருக்குக் கொள்ளும் ஸாரே, பசுவுக்குக்கூட ஆகாது, என்று ஸ்ரீகுமாரி என்னைத்தான் அதட்டினாள். கடைசியில் ராஜப்பன் ஒரு ஓரத்தில் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் சில மூடு மரச்சீனியைப் பிடுங்கிவிட்டு, பலாமரம் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

சாயங்காலம் ரெத்தினதாஸ் பதில் கேட்க வந்தார். ராஜப்பன் வீட்டுக்கு நடைவழி உண்டு என்று ஆதாரத்தில் எழுதித்தான் வீட்டை விற்பேன், அதை வேதமாணிக்கத்திடம் சொல்லிவிடுங்கள், என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு, அப்ப இது விக்குதுக்கு உள்ள வீடு இல்ல ஸாரே, பாக்குதுக்கு உள்ள வீடாக்கும், என்று சொல்லிப் போய்விட்டார்.

அவரிடம் சொன்னது பெரிதல்ல. உன்னிடம் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குள் வேறு ஆள் வராமல் போனால் நெய்யாற்றின்கரை வீடு கைவிட்டுப் போகும். நீ இரவுப் பணி பார்த்துச் சேர்த்த காரியம் அது. தனியாகக் கிணற்றடிக்குப் போக மாட்டேன். மாதம் ஒருமுறை டாக்டரிடம் போய்வர ராஜப்பனைத் துணைக்கு அழைத்துக்கொள்வேன், கேட்டால் வருவான். கேட்பதற்குத்தான் நான் பழக வேண்டும். வழியோடு வாங்க ஒருவர் வந்தால் அன்றைக்கே புறப்பட்டு நீ சொல்கிற இடத்துக்கு வருகிறேன். உன் பேச்சை மீற எனக்கு எண்ணம் இல்லை, மகளே. ஆனால் வழி இருக்கட்டும் என்று நீயும் உன் கையால் ஒரு வரி எழுது. அந்த வரி இல்லாவிட்டால், அடுத்து ஒருவர் வந்து அதட்டிக் கேட்கும்போது நான் தளர்ந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

மருமகனுக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளின் தலையில் கைவைத்து எனக்காக ஜெபம் செய். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இனி ஒன்று. நேற்று எழுதிய மூன்றாவது காரணம் தவறு. ஈஸ்டருக்குப் பிறகு வந்த எவரும் அந்த வழியில் ஒரு ஆளைக்கூடக் கண்டிருக்க முடியாது. அப்படி ஒரு வழி உண்டு என்பதே நான் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியும். அந்தப் பத்தியை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. அவர்கள் சானல்கரையில் சறுக்கிக்கொண்டிருந்தபோது, நான் அவர்களைப் பற்றி அப்படி எழுதினேன் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

உன் அப்பா,
தாசையன்