பதினேழாம் நம்பர் வெல்டிங்

என் அன்பான அத்தானுக்கு,

நீங்கள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் வெல்டர் தன் நம்பரை அடித்து வைப்பது நம் கம்பெனி வழக்கம் இல்லையா? உங்கள் பதினேழாம் நம்பர் அச்சை யாரும் தொடவில்லை. புதிதாகச் சேர்ந்த செல்வராஜிடம் கொடுத்தால், "அது வேணாங்க, ராசியில்லாத நம்பர்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

எல்லாம் நீங்கள் கடைசியாகச் செய்த அந்த எஃகுத் தொட்டியால் வந்தது. சோதனையில் நீங்கள் பற்றவைத்த ஓரம் விரிசல் விட்டது. "அவருக்குக் கை நடுங்கியிருக்குங்க" என்று ஃபோர்மேன் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஸ்ரீரங்கத்தில் காய் வாங்கப் போன அக்காவிடமே அதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவள் கடைத்தெருப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

தராசைத் தூக்கிப் பார்க்காமல் கத்தரிக்காய்கூட வாங்கமாட்டேன் என்று என்னைக் கேலி செய்வீர்கள். இதிலும் எனக்குச் சந்தேகம்தான். ஸ்டோரில் ஈரமான வெல்டிங் ராடு கொடுத்தார்களோ? ஃபோர்மேன் எதையோ மறைக்கிறாரோ?

பம்பாயில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. காற்றை எடுத்துவிட்ட பெட்டிக்குள் எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி எஃகை ஒட்டுகிறது. ராடும் இல்லை, பிடிக்கிற கையும் இல்லை. சோதித்துப் பார்க்க, நான் வேலை பார்க்கும் நம் கம்பெனி லேபிலிருந்து மாதிரி கேட்டார்கள். உங்கள் தொட்டித் தகட்டிலும் வேறொரு தகட்டிலும் துண்டுகள் வெட்டி, வழியில் எவனும் மாற்றிவிடக் கூடாதென்று என் அடையாளம் அடித்து அனுப்பினேன்.

போன வாரம் திரும்பி வந்தன. மற்றது அசையாமல் நிற்கிறது. உங்கள் தகடு அதே ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது.

மெஷினையும் நான் நம்பவில்லை. துண்டை மெருகேற்றி, அமிலம் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மற்ற தகட்டில் அரிசியில் கொஞ்சம் கறுப்பு உளுந்து கலந்தது போல எஃகின் மணிகள். உங்களுடையதில் கரிச்சத்து, அதாவது கார்பன், அதிகம்; கறுப்பே மண்டிக் கிடந்தது. சூடேறிச் சட்டென்று ஆறிய ஓரமெல்லாம் ஊசி ஊசியாய் இறுகியிருந்தது. தகட்டை முன்கூட்டியே சூடாக்காமல் யார் பற்றவைத்தாலும் அந்த ஓரம் விரிசல் விடும். அதை உங்களிடம் யாராவது சொன்னார்களா?

ஃபோர்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இந்த மெஷினுக்கும் கை நடுங்கிச்சுங்களா?" என்று கேட்டேன்.

அக்காவிடம் சொன்னபோது, "எனக்குத் தெரியாதாடா? ஊருக்குச் சொல்லு" என்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு காய் வாங்கக் கிளம்பினாள்.

அந்தத் தகட்டை ஸ்டோருக்குள் விட்டது யார்? இன்னும் தெரியவில்லை, விடவும் மாட்டேன். விஷயம் கம்பெனியில் பரவியதும், இன்று காலை செல்வராஜ் வந்து, "அந்தப் பதினேழு இருக்குங்களா?" என்று கேட்டான். கொடுத்துவிட்டேன் அத்தான். நான் பார்க்காத தகடு எதுவும் இனி அந்த நம்பரிடம் போகாது.

உங்கள் சந்தேகப் பிராணி மச்சினன்,
கோபால்