ராங்கிக்கு ஒரு தையல்

மார்ச் 4

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே முட்டிக்கொள்வோம். அதனால் இதை ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன்.

லாயத்துக்குப் புதிதாக வந்த ஆண்குதிரை, நீ வளர்த்த பெண்குதிரை ராங்கியை விலாவில் உதைத்துவிட்டது. தோல் கிழியவில்லை. ஆனால் வயிற்றோரம் பூசணிக்காய் அளவுக்கு வீக்கம். தொட்டால் மெத்தென்று உள்ளே போகிறது. இங்குள்ள மருத்துவர், "உள்ள சதை கிழிஞ்சு குடல் இறங்கியிருக்கு. பேசாம ஊசி போட்டு அனுப்பிடலாம், பாவம்" என்கிறார். உன்னைக் கேட்காமல் தலையாட்ட மாட்டேன்.

வேலை வேலை என்று நீ போய் மூன்று வருடம். குதிரைக்காகவாவது வீட்டுக்கு வா.

உன் கணவன்

மார்ச் 6

அன்புள்ள உங்களுக்கு,

ஊசி வேண்டாம். அறுவையும் இப்போது வேண்டாம். கிழிந்த சதை ஊறின அட்டை மாதிரி இருக்கும், தையல் நிற்காது. வீக்கம் வடிந்து, ஓட்டையின் விளிம்பு இறுகட்டும். இரண்டு மூன்று மாதம் ஆகலாம்; பிறகு என் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள், நானே தைக்கிறேன். அதுவரை வயிற்றைச் சுற்றி அகலமாகக் கட்டுப் போட்டு, தனிக் கொட்டடியில் வையுங்கள். தரையில் புரண்டாலோ, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ குடல் சிக்கிவிட்டதென்று அர்த்தம். உடனே வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

வீட்டுக்கு வா என்கிறீர்கள். அங்கே எனக்கு அறுவை மேசை ஏது? எத்தனை தடவை சொல்வது?

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
நான்

ஜூன் 9

அன்புள்ள உனக்கு,

ராங்கியை உன் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தபின் லாயம் வெறிச்சென்று கிடக்கிறது.

அறுவை அன்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லாந்து கிடந்தவளின் வயிற்றுக்குள் முழங்கை வரை கைவிட்டுக் குடலை உள்ளே தள்ளினாய். கொசுவலை மாதிரி ஒன்றை ஓட்டைமேல் வைத்துத் தைத்தாய். உன் முதுகு தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு தடவைகூட நீ நிமிரவில்லை.

மயக்கம் தெளிய, சுவரெல்லாம் மெத்தை பதித்த அந்த அறைக்குக் கொண்டுபோனீர்களே, அங்கேதான் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எழப் பார்த்தாள், கால் பின்னி விழுந்தாள். தையல் தெறித்தது என்றே நினைத்தேன். நீ கயிற்றைப் பிடித்தபடி, "அவசரமே இல்லடி, மெதுவா எந்திரி" என்றாய். எழுந்து நின்றுவிட்டாள். நான்தான் சுவரில் சாய்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த நர்ஸ், "உங்க குதிரையா சார்?" என்றாள். "என் சம்சாரம்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

இனி வா என்று எழுத மாட்டேன். லாயத்தைத் தம்பி பார்த்துக்கொள்கிறானாம். ராங்கியைப் பார்க்க வரும் சாக்கில் நான் அங்கே கொஞ்ச நாள் தங்கட்டுமா?

உன் கணவன்

ஜூன் 14

அன்புள்ள உங்களுக்கு,

தையலோரம் நீர் கோத்திருந்தது, இப்போது வடிகிறது. திமிரும் திரும்பிவிட்டது. என் உதவியாளரின் தொப்பியைக் கடித்துத் துப்பியிருக்கிறாள். நெடும்பயணம் இப்போதைக்கு ஆகாது, இங்கேயே இருக்கட்டும்.

என் வீடு சின்னது. ஜன்னலுக்கு அடியிலேயே லாரிகள் போகும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் தட்டை அப்படியே விட்டு எழுந்து போவேன்; முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

ராங்கி இன்னும் பல மாதம் ஓடக்கூடாது. இங்கே ஓடிவர உங்களுக்கு அப்படி எந்தத் தடையும் நான் சொல்லவில்லை.

உங்கள் மனைவி