மடியில் இருந்த சீப்பு

என் செல்ல நாத்தனாருக்கு,

பேச்சு வராத மனுஷனைப் போட்டு நான் வதைக்கறேன்னு நீ கோவிச்சுக்கறது சரிதான், ஆனா முழுசாக் கேளு. போன்ல சொன்னா உங்கண்ணன் காதுல விழும், அதான் எழுதறேன்.

பக்கவாதம் வந்து பேச்சு போனதும் பெரிய டாக்டர், "தானா வந்தா வரும்"னுட்டாரு. தானா வர்றதுக்கு அது என்ன மழையா? கோயில்ல பக்கத்துல உட்கார்ந்தவங்களை எல்லாம் விசாரிச்சு, ரெண்டு பஸ் மாறிப் போயி, பேச்சுப் பயிற்சி தர்ற ஒரு பொண்ணைக் கண்டுபிடிச்சேன். அது இவரை என்ன கேட்டாலும் நானே பதில் சொல்லிட்டேன். "பேஷண்ட் அவரா, நீங்களாம்மா? அவர் வாயால கேக்கற வரைக்கும் எதையும் எடுத்துக் கொடுக்காதீங்க, பேசாமக் காத்திருங்க"ன்னு சொல்லிடுச்சு. என்னைப் போயி பேசாம இருங்குது.

இன்னிக்குக் காலையில தலையைத் தடவிக்கிட்டே என்னைப் பார்த்தாரு. சீப்பு என் மடியில. சாமி பேரை மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அப்பவும் நான் கொடுக்கலை. உதடு கோணிக்கோணி, கடைசியில தெளிவா "சீப்பு"ன்னாரு. வாரறதுக்கு இருக்கறது நாலு முடி.

அதனால "அண்ணனை விட்டுருங்க அண்ணி"ன்னு இனிமே சொல்லாதே. விடமாட்டேன். வந்து பாரு, ஆனா நீயும் வாயை மூடிக்கிட்டுத்தான் உட்காரணும்.

இப்படிக்கு,
உன் அண்ணி

இப்பத்தான் ஞாபகம் வருது. கல்யாணமானதுலேர்ந்து உங்கண்ணன் என்கிட்ட சீப்பு கேட்டதே இல்லை. குளிச்சிட்டு வர்றதுக்குள்ள நானே எடுத்து வச்சிருவேன்.