கண் கூசாத வெள்ளை

மைனி,

இன்று காலை வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கினதும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மழைக்குப் பிறகு சாக்கடை ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். மற்றவர்களுக்கு அது ஊர் சுத்தமாகிற வாடை. எனக்கு அது நம்ம வீட்டுப் பின்கொட்டகை வாடை. கண்ணில் தண்ணீர் வந்தது. "பவுடர் எரியுது" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன்.

பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்ற நான், தையல் யூனிட் முதலாளி என்று போர்டு மாட்டியதே உங்கள் தைரியத்தில்தான். அண்ணன் துபாயில், இங்கே நீங்களும் நானும். கோவிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளைக் கவுனும் சட்டையும் தைப்பது நம் தொழில். தறியிலிருந்து பழுப்பாக வரும் துணியை நீங்கள் கொட்டகைக்குள் வெளுப்பீர்கள். நான் வெளியே நின்று யோசனை சொல்லுவேன். வெளுத்த தண்ணீர் ஓடைக்குப் போகும். ஓடை எங்கே போகும் என்று நான் கேட்டதில்லை.

சுனாமி வந்து மூன்றாம் வருஷம் நாகர்கோவிலில் ஏதோ ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்தீர்கள். மறுநாள் பவுடர் டிரம்மை இறுக மூடி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டீர்கள்.

"இனி இது வேண்டாம் கொழுந்தா. பெராக்சைடு ஊத்தி வெந்நீரில வெளுப்போம். வேலை முடிஞ்சா அது தண்ணியாப் போயிரும். கடைசியா அலசுன தண்ணியப் பிடிச்சு வச்சு, மறுநாள் முதல் அலசலுக்கு எடுப்போம். துணியப் பளபளன்னு காட்டுத மினுக்குப் பொடியும் வேண்டாம்."

"மினுக்கு இல்லாட்டா யாரு மைனி வாங்குவா?"

விரல்களை என் முகத்துக்கு நேரே விரித்தீர்கள். நுனியெல்லாம் தோலுரிந்து சிவந்திருந்தது.

"ஓடையில கீழ குளிக்கிற பிள்ளைகளுக்கும் இப்பிடித்தான் அரிக்குதாம். இந்த ஒரு சீசன் பாப்போம். விக்காமப் போச்சுன்னா நானே டிரம்மைத் தொறந்து, திரும்பவும் கையை விடுதேன்."

அந்த சீசனில் பந்தயமாக வைக்கப்பட்டது உங்கள் கைதான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்தேன் பாருங்கள் ஒரு காரியம்.

துணி தேங்காய்ப்பால் நிறத்தில் வெளுத்து வந்தது. தனியாகப் பார்த்தால் அழகு. கடைக் கவுனுக்குப் பக்கத்தில் வைத்தால் பழசு மாதிரி இருந்தது. அந்த வருஷம் என் மகளுக்கும் புதுநன்மை. வரிசையில் மற்றப் பிள்ளைகள் டியூப்லைட் மாதிரி நிற்க, என் பிள்ளை மட்டும் மங்கலாகத் தெரிவாளே! ஊருக்கெல்லாம் கவுன் தைக்கிறவன், யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறிப்போய், மினுமினுக்கும் கவுன் ஒன்றைக் கடையில் வாங்கி வந்தேன். உங்களிடம், "நம்ம கவுன் அளவு சரியில்ல" என்று பொய் வேறு. அளவெடுத்ததே நீங்கள்.

பூசை முடிந்ததும் நாலு அம்மாமார் மகளைச் சூழ்ந்துகொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரிகள், அங்கே புதுநன்மைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நம்மிடம்தான் தைக்கச் சொல்லியிருந்தார்கள்.

"ஏட்டி, பளபளன்னு இருக்கே! அப்பா தச்சதா?"

"இல்ல, கடையில எடுத்தது. அப்பா தச்சது மங்கலாம்."

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கோவில் மணிக்கூண்டைப் பார்த்தேன். அன்று சாயங்காலமே நாலு கவுனும் வேண்டாம் என்று ஆள் வந்தது. புதன்கிழமைக்குள் நாலு பதினைந்தாயிற்று.

"பாத்தியளா மைனி, நிறந்தான் கெடுத்துது" என்றேன். நீங்கள் திட்டுவீர்கள் என்று நின்றேன். இருமல் வருகிறவரைக்கும் சிரித்தீர்கள்.

"நிறத்துக்கு ஒண்ணுமில்ல. ஒம் மூஞ்சிதான் மங்கல். தச்சவனே தொடாத துணிய எவ வாங்குவா? இங்க வா, ஒனக்கு ஒரு சட்டைக்கு அளவெடுக்கணும், வயித்த எக்காம நில்லு."

இரண்டு கவுனுக்கான துணி என் ஒரு சட்டைக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு பக்கத்து ஊர்க் கோவில் வாசலில் நின்றேன்.

"என்னவே, ஒமக்கும் புதுநன்மையா?" என்று மீன் ஏலம் விடுகிறவர் கத்தினார். ஒரே சிரிப்பு.

சிரித்தவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைக் கவுனை, என் பொய்யை, ஓடையை, உங்கள் விரல்களை. விரல்களைச் சொல்லும்போது சிரிப்பு நின்றது. வேண்டாமென்ற அம்மாமாரில் ஒருத்தி என் சட்டைக் கையைத் தடவி, "மெத்துன்னுதான் இருக்கு. பிள்ளைக்கு அரிக்காதுல்லா?" என்றாள். பதினொன்று திரும்பி வந்தது. நாலு வரவேயில்லை. பவுடர் டிரம்மை மூடினபடியே கடைக்குத் திருப்பி அனுப்பினீர்கள். மழைக்காலம் முடிவதற்குள் விரல்களில் புதுத்தோல் வந்தது. முதல் வேலையாக அந்த விரலை மடக்கி என் தலையில் ஒரு குட்டு.

நீங்கள் கண் மூடி இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம் ஒரு வெளியூர் வியாபாரி வந்தார். "கொஞ்சம் மினுக்கிக் குடுங்க, வருஷம் முழுக்க நானே எடுத்துக்கிடுதேன்" என்றார். உள்ளே மகளின் தையல் மிஷின் சத்தம் நின்றது. வீரனைப் போலப் பதில் சொன்னேன் என்று எழுத ஆசைதான். பயந்துதான் போனேன் மைனி. இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான், "வேண்டாம்" என்ற வார்த்தை வெளியே வந்தது. அவர் தெரு தாண்டியபிறகு மூன்றாவது தம்ளரையும் குடித்தேன். உள்ளே மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

தைரியத்தை நீங்கள் கையோடு கொண்டுபோய்விட்டீர்கள். எனக்கு மிஞ்சியிருப்பது, பயந்துகொண்டே வேண்டாம் என்று சொல்லுகிற பழக்கம். அதை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கொழுந்தன்