ஒண்டிக்கடையில் வந்த செய்தி

தலைச்சோலை,
அக்டோபர் 6

அன்புத் தம்பி மணிகண்டனுக்கு,

நாங்கள் நலம். உன் கம்பெனி ஆட்கள் வீட்டுக்கு மேலே சரிவில் கம்பம் நட்டுவிட்டுப் போனார்கள். மண் நகர்ந்தால் அதற்குத் தெரிந்துவிடுமாம். "ஆடு கட்டலாமுங்களா?" என்று உன் மாமா கேட்டு, திட்டு வாங்கினார். ரிசார்ட்டில் சைரன் வைத்திருக்கிறார்கள். இங்கே அது கேட்காது. எங்களுக்கு என்ன? பெருமழை என்றால் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் போய் இருப்போமே, இனியும் போக வேண்டுமா? மாமா கேட்கச் சொன்னார்.

உன் அக்கா,
சிவசக்தி

சென்னை,
அக்டோபர் 14

அன்புள்ள அக்கா,

உங்களுக்கும் சைரன் வைக்கச் சொல்லிக் கேட்டேன். "பன்னெண்டு வீட்டுக்கு ஒரு சைரனாப்பா?" என்று மேனேஜர் சிரித்தார். உங்களுக்குக் குறுஞ்செய்திதான். ஊருக்கு ஓர் எண் கொடுக்காவிட்டால் கணினி படிவத்தை ஏற்காது. மாமாவின் எண்ணைப் போட்டேன். ஒவ்வொரு மழைக்கும் மூட்டை கட்ட வேண்டாம். செய்தி வந்தால் கிளம்புங்கள்.

தம்பி,
மணிகண்டன்

தலைச்சோலை,
அக்டோபர் 27

அன்புத் தம்பிக்கு,

இங்கே டவர் ஏது கண்ணு? ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப் வரை போனால்தான் போன் பேசும். அதனால்தானே கடிதம் எழுதுகிறேன். இது நீ பிறந்த ஊர்தானே? மாமாவிடம் சொன்னால், "மச்சானுக்குத் தெரியாததா புள்ள? ஏதாச்சும் ஏற்பாடு பண்ணியிருப்பான்" என்கிறார். ஊரெல்லாம் உன் பெருமைதான் பேசுகிறார். மழை பிடித்துவிட்டது. உடனே பதில் போடு.

அக்கா

சென்னை,
நவம்பர் 24

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. டவர் விஷயத்தை மேலே எழுதிப் போட்டிருக்கிறேன். பொங்கலுக்குள் ஏதாவது செய்வார்கள். பதறாதே.

மணிகண்டன்

தலைச்சோலை,
டிசம்பர் 3

மணிகண்டனுக்கு,

சனிக்கிழமை மத்தியானம் சரிவு இறங்கியது. நான் காப்பி எஸ்டேட்டில் இருந்தேன். காய்ச்சலோடு படுத்திருந்த உன் மாமாவைப் பக்கத்து வீட்டுக் கலா பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள். "நொம்ப மழையா இருக்குதுங்கண்ணா, வாங்க." "மச்சான் செய்தி அனுப்புவான் கலா. வந்ததும் வர்றேன்" என்றாராம். அவர் போன் சார்ஜுக்காகக் கலா வீட்டில் கிடந்தது. அந்த வீடு தப்பியது.

மறுநாள் அவர் உடலைச் சேலம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன வண்டியில், அந்தப் போனை மடியில் வைத்திருந்தேன். ஒண்டிக்கடை வந்ததும் நான்கு முறை அடித்தது. நான்கும் ஒரே செய்தி: 'உடனே வெளியேறவும்.' முதல் செய்தி சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு அனுப்பியது.

உன் கம்பம் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. கம்பெனியில் சொல்லிக்கொள்.

இன்று உன் கடிதம் வந்தது. பதறாதே என்று எழுதியிருக்கிறாய். பதறவில்லை. இனி எழுதாதே.

சிவசக்தி