ஒரே வினாத்தாள், இரண்டு திருத்தம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பளவில் நலம். உனக்கும் அத்தானுக்கும் அப்படியே இருக்கட்டும். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் "விடுடி, விடுடி" என்று என் வாயை அடைத்துவிடுவாய். காகிதம் குறுக்கே பேசாது.

நுழைவுத் தேர்வில் உன் மகளுக்கு நானூற்றுப் பன்னிரண்டாவது இடம் என்று தெரிந்த அன்று நீ போனில் அழுதாய். "உன் பொண்ணு மாதிரியே பார்த்துக்கிட்டடி" என்றாய். அந்த ஒரு வார்த்தை நாலு நாளாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அதை எடுக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். தயவுசெய்து கடைசிவரை படி.

வருஷத்துக்கு ஒரு ஊர் என்று உன் வேலை மாறிக்கொண்டே இருந்ததால், கடைசி வருஷப் படிப்பாவது ஒரே இடத்தில் நடக்கட்டும் என்று உன் மகளை என்னிடம் விட்டாய். நானும் வாய் நிறையச் சிரித்துத்தான் கூட்டிக்கொண்டேன். என் மகளைவிட அவள் நாலு மாதம்தான் மூத்தவள், அதனால் வீட்டில் அவள் பெரியவள், என் மகள் சின்னவள். ஒரே பள்ளி, ஒரே அறை, ஒரே மேஜை. மேஜையின் ஜன்னல் பக்கம் சின்னவளுக்கு. மின்விசிறிக் காற்று படாத சுவர்ப் பக்கம் பெரியவளுக்கு. யார் எங்கே உட்கார வேண்டும் என்று முதல் நாளே சொன்னவள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் வைத்த தேர்வு உனக்குத் தெரியும். பழைய வினாத்தாளிலிருந்து ஐம்பது கேள்வி, ஒரு மணி நேரம், இருநூறு மார்க். சரியான விடைக்கு நாலு. தப்பான விடைக்கு ஒன்று கழியும். தெரியாததைத் தொடாமல் விட்டால் நஷ்டமில்லை. ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவளுக்கு இதைத் திருத்துவது பெரிய வேலையா? விடைப் பட்டியல் என் கையில், சிவப்புப் பேனா என் கையில். மேலே மொத்த மார்க்கை மட்டும் எழுதிக் காட்டுவேன். பிறகு தாள்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன்.

முதல் மூன்று வாரம் நியாயமாகத்தான் திருத்தினேன். மூன்று வாரமும் உன் மகள்தான் மேலே. மூன்றாவது வாரம் என் மகள் தாளைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனாள். அக்கா, எனக்கு வயிறு எரிந்தது. நாம் படித்த காலத்தில் உன் வகுப்பில் பாடம் எடுத்த ஒவ்வொரு டீச்சரும் என்னைப் பார்த்து, "அவ தங்கச்சியா நீ?" என்று கேட்டுவிட்டு என் தாளைத் திருப்பித் தருவார்கள். அன்றைய என் முகத்தை என் மகளிடம் பார்த்தேன். பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை.

நாலாவது வாரத்திலிருந்து சின்னவளின் தப்பு விடைகளுக்கு நான் மார்க் கழிக்கவில்லை. குழந்தை குத்துமதிப்பாகத்தானே போட்டாள், போகட்டும் என்று விட்டேன். உன் மகளுக்கோ ஒன்றுகூட விடாமல் கழித்தேன். வட்டத்தைச் சரியாக நிரப்பவில்லை என்றாலும் தப்பு என்று போட்டேன். ஒருமுறை நான் திருத்துவதை எட்டிப் பார்த்துவிட்டு அவள் தயங்கித் தயங்கி, "சித்தி, இது சரியான விடைதானே?" என்று கேட்டாள். "பரீட்சையில சித்தி வந்து திருத்தமாட்டா" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் தொட்டாள். வட்டத்தை அச்சடித்த மாதிரி நிரப்பினாள். என் மகளோ ஐம்பதுக்கு ஐம்பதும் நிரப்பிவிட்டு, மேலே வந்துவிட்டோம் என்று விசில் அடித்துக்கொண்டு போவாள். நானும் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

உண்மையான தேர்விலும் சின்னவள் ஒரு கேள்வியைக்கூட விடவில்லை. ஒன்பதாயிரத்தைத் தாண்டிப் போய்விட்டது அவள் இடம்.

முடிவு வந்த அன்று பெரியவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீங்க அவ்வளவு கறாரா இல்லேன்னா எனக்கு இது கிடைச்சிருக்காது சித்தி" என்றாள். தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

நேற்று பெரியவள் பெட்டி கட்டுவதற்காக நான் அலமாரியைத் திறந்தபோது சின்னவள் கையில் அந்தத் தாள்கள் கிடைத்துவிட்டன. விடைப் பட்டியலும் அதிலேயே இருந்தது. மதியம் முழுக்க உட்கார்ந்து அத்தனையையும் திருத்தியிருக்கிறாள். ஒரு வாரத்துத் தாள் இரண்டையும் என் முன்னால் வைத்தாள். நான் அவளுக்கு நூற்றறுபது போட்டிருந்தேன், அவள் திருத்தியதில் நூற்றைம்பது. உன் மகளுக்கு நான் போட்டது நூற்றைம்பத்து மூன்று, சரியான மார்க் நூற்றைம்பத்தெட்டு. "இந்த மார்க்கெல்லாம் எனக்கா போட்டே, இல்ல உனக்கே போட்டுக்கிட்டியாம்மா?" என்று கேட்டாள்.

அவள் இன்னொரு வருஷம் படித்து மறுபடி எழுதப் போகிறாளாம். இங்கே இல்லை, பெரியம்மா வீட்டில் இருந்து எழுதுகிறேன் என்கிறாள். உன் ஊரில் நல்ல பயிற்சி நிலையம் இருப்பதைப் பெரியவளிடம் விசாரித்து வைத்திருக்கிறாள். அவள் அப்பாவும் சரி என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை ரயிலில் இரண்டு பேரும் சேர்ந்து வருகிறார்கள்.

உன்னிடம் கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன். அவளைச் சேர்த்துக்கொள். மார்க்கில் இரக்கம் பார்க்காதே, கழிக்க வேண்டியதைக் கழி. அழுவாள், அழட்டும். கோபம் என் மேல் இருந்தால் அதை என் மேலேயே வைத்துக்கொள், அவள் தட்டுவரை போகவிடாதே. நீ அப்படிச் செய்யமாட்டாய். அது தெரிந்துதான் இத்தனை வருஷமாக உன்னைப் பார்த்து எரிந்தேனோ என்னவோ.

இன்னும் ஒன்று. நானூற்றுப் பன்னிரண்டு என்று தெரிந்து நாலு நாள் ஆகிறது. "நல்லா பண்ணியிருக்கேடி" என்று உன் மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை, வழக்கம்போலத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறாள். ரயில் கிளம்புவதற்குள் சொல்லப் பார்க்கிறேன். அப்போதும் என் வாயில் வரவில்லை என்றால், வந்து இறங்கியதும் நீ சொல்லிவிடு, அக்கா. சித்தி சொல்லச் சொன்னாள் என்று சொல்.

உன் தங்கை