நிலாவைச் சுற்றிய நம் ஆய்வுக்கூடம்

உன் லேப்டாப்பை இன்றைக்குத்தான் திறந்தேன். பையின் ஜிப்பை இழுத்ததுமே பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. ஏற்காட்டு ஈரத்துக்கு எல்லாமே பூஞ்சணம் பிடித்துவிடும் என்று, திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைத் துணியை மடித்து வைப்பாய். பையின் மூலையில் இரண்டு உருண்டை போடுவாய். உன் பள்ளிக்கூட லேபின் பீரோவைத் திறந்தாலும் இதே வாசனைதான் வரும். நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் கொஞ்சம் வரும்.

பதினான்கு மாதம் இந்தப் பையைத் தொடாமல் இருந்தேன். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் உன் அண்ணன் மாடிக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார். "இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க. அவ இதுல என்ன பண்ணீட்டு இருந்தான்னு எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். என்னவென்று விளக்குவது? நாற்பது தாண்டிய இரண்டு பெண்கள், ஒருத்தி பள்ளி லேப் உதவியாளர், இன்னொருத்தி ஹோட்டல் ரிசப்ஷனில் சாவி எடுத்துக் கொடுப்பவள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாம் ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தோம் என்றா?

சேலத்திலிருந்து வேலைக்கு வந்து உன் வீட்டு மாடி அறையில் குடியேறிய எனக்கு இந்த ஊரில் வேறு யாரையும் தெரியாது. மழை மாதங்களில் ஹோட்டலில் ஆள் வராது. நீ சர்ச்சிலிருந்து திரும்பி, புடவைகூட மாற்றாமல் கீழிருந்து கூப்பிடுவாய். "ஏம்புள்ள, வாறயா? ராக்கெட் நிக்குது."

லேப்டாப்பில் ராக்கெட் கட்டி விடும் அந்த விளையாட்டைப் பற்றி உன் பள்ளிப் பிள்ளைகள் பேசியதைக் கேட்டு, நீயாகவே வாங்கிப் போட்டுக்கொண்டாய். உனக்குச் சேலத்துக் கல்லூரியில் இயற்பியல் படிக்க இடம் கிடைத்த வருடம்தான் உன் அப்பா மாரமங்கலம் பக்கத்து எஸ்டேட்டில் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்தார். நீ போகவில்லை. அதன்பிறகு இருபது வருடம் மற்றவர்களின் பிராக்டிகலுக்குச் சோதனைக்குழாய் கழுவினாய். இதை நீ ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். ஏதோ பஸ் கிடைக்காமல் போனதைச் சொல்வதுபோலச் சொன்னாய்.

முதல் மாதம் நம் ராக்கெட்டுகள் எல்லாம் விழுந்து வெடித்தன. பிறகு ஒன்று மேலே போனது. பிறகு நிலாவைச் சுற்றியது. அங்கேதான் நீ அந்த ஆய்வுக்கூடத்தைக் கொண்டுபோய் வைத்தாய். உருளை மாதிரி ஒரு கூண்டு, இரண்டு பக்கமும் சூரியத் தகடுகள். அதற்குள் பச்சை முகத்துக் குட்டி விஞ்ஞானி ஒருத்தி. நிலாவில் இறங்கி ஏறும் சின்னக் கலத்துக்கு ஒரு பைலட். விளையாட்டு அவர்களுக்கு ஏதோ பெயர்கள் வைத்திருந்தது. நாம் அதைக் கண்டுகொள்ளவில்லை. விஞ்ஞானி நீ, பைலட் நான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்குப் புரியவைக்க உனக்கு இரண்டு ஞாயிறு ஆனது. நிலாவின் மண்ணையோ வெப்பத்தையோ அளந்து, அந்த முடிவை ரேடியோவில் அப்படியே பூமிக்கு அனுப்பினால் கிடைக்கும் அறிவியல் புள்ளிகள் கொஞ்சம்தான். அதை மேலே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தால், விஞ்ஞானி உட்கார்ந்து அலசி அலசி அதிலிருந்து மெல்ல மெல்லப் புள்ளிகள் எடுப்பாள். "நேரா அனுப்பிச்சா கை அளவுதான் புள்ள. லேப்புல குடுத்தா அதுலயே நொம்ப எடுக்கலாம்" என்றாய். விஞ்ஞானிக்கு அனுபவம் கூடக் கூட வேகமும் கூடும். கையிருப்பில் தரவு குறையக் குறைய வேலை மந்தமாகும். நிலாவின் நிழலுக்குள் போய் பேட்டரி தீர்ந்தால் நின்றுவிடும். ஒரே இடத்து மண்ணை இரண்டாம் தடவை கொடுத்தால் வாங்காது. புது இடம் தேடி நான் இறங்க வேண்டும். சேர்ந்த புள்ளிகள் ஓர் அளவுக்கு மேல் போனால் கூடம் நிரம்பிவிடும். யாராவது பொத்தானை அழுத்திப் பூமிக்கு அனுப்பும்வரை ஆராய்ச்சி நடக்காது.

எனக்குப் பொறுமை கிடையாது. நேரத்தை வேகமாக ஓட்டும் வசதி அதில் உண்டு. நான் அதை முழு வேகத்துக்குத் தள்ளுவேன். ஒரு மாதம் ஒரு நிமிடத்தில் போய்விடும். "இப்படி முடுக்குனா பேட்டரி தீந்தாக்கூடத் தெரியாது. மொள்ளமா ஓட்டு" என்று குறைத்துவிட்டு டீ போடப் போவாய். திரும்பி வந்ததும் எத்தனை புள்ளி ஏறியிருக்கிறது என்று பார்த்து உன் நோட்டில் எழுதுவாய். எந்த இடத்து மண், எந்த உயரத்து அளவு, எல்லாம் தமிழில், பள்ளி ரெக்கார்டு நோட்டு போலக் கோடு போட்டு. பள்ளிப் படிப்பு முடிந்தபிறகு உன் பேரில் நீ எழுதிய முதல் ரெக்கார்டு நோட்டு அதுதான்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஆவணியில் ஒருநாள், பள்ளி நடக்கும் கிழமையில், நீ சேலம் பஸ்ஸிலிருந்து தனியாக இறங்குவதைப் பார்த்தேன். கையில் பெரிய ஸ்கேன் கவர். ஹோட்டலுக்குப் பால் வாங்க வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன புள்ள இது?"

"மார்ல கட்டி. டெஸ்ட் எடுத்தாச்சு. அதேதான்னு சொல்லீட்டாங்க."

நீ சொன்ன விதத்தில் எனக்குக் கோபம் வந்தது. பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் கத்தினேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்றெல்லாம் கேட்டேன். நீ சிரித்தாய்.

"சொல்ல வந்தேன் புள்ள. நீ நெலாவுல இருந்த."

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. ஐந்து வாரத்துக்கு முந்தைய ஞாயிறு. ஒரு பெரிய பள்ளத்தின் ஓரத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன், எரிபொருள் அடிமட்டத்தில் இருந்தது. நீ சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "ஒண்ணு சொல்லோணும்" என்றாய். "இரு இரு, எறங்கீட்டு இருக்கறேன்" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கலம் கவிழாமல் நின்றதும் கைதட்டினேன். "நல்லா எறக்கீட்ட" என்றாய். என்ன விஷயம் என்று அதற்கப்புறம்தான் கேட்டேன். "ஒண்ணுமில்ல, சக்கரை தீந்துருச்சு" என்றாய். நான் குடையை எடுத்துக்கொண்டு போய்ச் சர்க்கரை வாங்கி வந்தேன். அந்தப் புதன்கிழமை நீ முதல் தடவையாக ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போயிருக்கிறாய்.

துணைக்குக் கூப்பிடத்தான் வந்தாய் என்று பிறகு ஒருநாள் வாய் தவறிச் சொன்னாய். கட்டியைக் காட்டப் பயமாக இருந்ததாம். பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் போதும் என்று இருந்ததாம்.

ஸ்கேன் கவரைப் பார்த்த நாளிலிருந்து ஒரு தடவையும் உன்னைத் தனியாக விடவில்லை. லீவு கிடைக்காத நாளில் சண்டை போட்டு வாங்கினேன். பஸ் மலை இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உன் தலை என் தோளில் வந்து முட்டும். திரும்பும்போது நீ வாந்தி எடுக்கப் பிளாஸ்டிக் பையை நான் பிடித்துக்கொள்வேன். ஊசி போட்டு வந்த நாட்களில் உனக்குத் திரையைப் பார்த்தால் தலை சுற்றும். கண்ணை மூடிப் படுத்தபடி, "லேப்புல எவ்ளோ ஏறியிருக்குது, படி" என்பாய். நான் எண்ணைப் படிப்பேன். ஏறாத நாளிலும் கொஞ்சம் கூட்டிப் படித்திருக்கிறேன். உனக்குத் தெரிந்திருக்கும்.

உன் கடைசி வாரத்தில் நாம் ஆய்வுக்கூடத்தைப் பற்றிப் பேசவே இல்லை. நீ தண்ணீர் கேட்டாய், ஜன்னலைச் சாத்தச் சொன்னாய். அவ்வளவுதான்.

இன்றைக்குத் திறந்து பார்த்தபோது கூடம் நிரம்பி, வேலை நின்றிருந்தது. எண் அசையவில்லை. உள்ளே அந்தக் குட்டி விஞ்ஞானி கண்ணைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். புள்ளிகள் எல்லாம் பூமிக்கு வந்து சேர்ந்தன. அந்தப் புள்ளிகளுக்கு ராக்கெட்டில் எந்தப் புதுப் பாகம் வேண்டும் என்று பட்டியல் விரிந்தது. நான் பெரிய என்ஜின் கேட்பேன், நீ புதுக் கருவி கேட்பாய். அரைமணி நேரம் வாக்குவாதம் நடக்கும், கடைசியில் கருவிதான் வரும். இன்றைக்கு என்ஜின் வேண்டாம் என்று சொல்ல யாருமில்லை. கீழ் வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களின் டிவி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எதையும் தேர்ந்தெடுக்காமல் மூடிவிட்டேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் மரகதம் கரடியூர்க்காரி. போன மாதம் கல்யாணப் பார்ட்டி ஒன்று வந்து இறங்கிய நேரம், கவுண்டரில் பத்துப் பேர் நிற்கிறார்கள், அவள் ஓரமாக வந்து, "ஏனுங்க்கா, ஒரு நிமிசம்" என்றாள். கையிலிருந்த சாவிகளை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். மேனேஜர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சேலம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், புருஷனுக்குத் தெரிய வேண்டாம், எந்தப் பக்கம் போவது என்றே தெரியவில்லை என்றாள். நான் வருகிறேன் என்றேன். எந்த வாசல், எந்த வரிசை, டாக்டர் எத்தனை மணிக்கு வருவார், எந்த மரத்தடியில் உட்கார்ந்தால் பெயர் கூப்பிடுவது கேட்கும், எல்லாம் எனக்குத் தெரியும். உன்னோடு கற்றது.

செவ்வாய்க்கிழமை போனோம். அவளை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். மூன்று வளைவுவரை அவள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். நான்காவது வளைவில், "அக்கா, எனக்கு என்னன்னு சொல்லட்டுங்களா?" என்றாள்.

அடிவாரம் வரும்வரை அவள் பேசினாள். நான் அவள் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து கேட்டேன்.